வாரச் சம்பளம் ரூ.25, வாரக் கடிதம் 65 ஆயிரம்! ஆல் இந்தியா ரேடியோ "வேண்டாம்" என்ற வாலிபர் நாட்டையே கட்டிப்போட்ட கதை

புதன்கிழமை ராத்திரி. மணி 8 அடிக்கப் போகிறது.

பம்பாயில் ஒரு வெற்றிலை பாக்குக் கடை. வாசலில் கூட்டம். ஆனால் யாரும் வெற்றிலை வாங்க வரவில்லை. கடைக்காரரும் வியாபாரத்தைக் கவனிக்கவில்லை. ரேடியோப் பெட்டியின் காதைப் பிடித்துத் திருகிக்கொண்டு இருக்கிறார். "கொர்... கொர்..." என்று இரைச்சல். அப்புறம் பளிச்சென்று ஒரு குரல்.

"பெஹனோ அவுர் பாயியோ!"

"சகோதரிகளே, சகோதரர்களே" என்று அர்த்தம். அவ்வளவுதான். கூட்டம் கப்சிப்!

பம்பாயில் மட்டும் அல்ல. டெல்லி, கான்பூர், பாட்னா, நாக்பூர் என்று வடக்கே எங்கே போனாலும் புதன்கிழமை ராத்திரி இதே காட்சிதான். ஓட்டல்களில் ரேடியோ சத்தத்தைக் கூட்டிவைத்தார்கள். ரேடியோ இல்லாதவர்கள் அடுத்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தார்கள்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் அமீன் சயானி. அவர் நடத்திய நிகழ்ச்சி "பினாக்கா கீத் மாலா". 1952-ம் ஆண்டு தொடங்கி 42 வருடம் ஓடியது.

2024-ம் ஆண்டு பிப்ரவரி 20-ந் தேதி மும்பையில் மாரடைப்பால் அவர் காலமானார். வயது 91. அந்தச் செய்தி வந்த அன்று வடநாட்டுத் தாத்தா பாட்டிகள் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "யார் இந்த ஆள்?" என்று பேரப் பிள்ளைகள் கேட்டார்கள்.

யார் இந்த ஆள்?

மந்திரி போட்ட பூட்டு

கதை ஒரு மந்திரியிடம் இருந்து தொடங்குகிறது.

1952-ல் டாக்டர் பி.வி.கேஸ்கர் மத்திய செய்தி ஒலிபரப்பு மந்திரி ஆனார். படித்தவர். முறைப்படி சங்கீதம் கற்றவர். அவருக்கு சினிமாப் பாட்டு என்றாலே ஆகாது. "வெளிநாட்டு மெட்டைக் காப்பி அடிக்கிறார்கள், ஜனங்களின் ரசனை கெட்டுப்போகிறது" என்பது அவர் கட்சி. ஆல் இந்தியா ரேடியோவில் சாஸ்திரீய சங்கீதத்துக்கு நேரத்தைக் கூட்டினார். சினிமாப் பாட்டைக் குறைத்தார். பாட்டுப் போட்டாலும் படத்தின் பெயரைச் சொல்லக்கூடாது, அது விளம்பரம் ஆகிவிடும் என்று ஆனது.

படத் தயாரிப்பாளர்களுக்குக் கோபம் வந்தது. "எங்கள் படத்தின் பெயரைச் சொல்லாவிட்டால் எங்கள் பாட்டையும் போடாதே" என்று அனுமதியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் சர்க்கார் ரேடியோவில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய நின்றே போனது.

மந்திரி நினைத்தது, ஜனங்கள் இனி வீணைக் கச்சேரி கேட்பார்கள் என்று. ஜனங்கள் என்ன செய்தார்கள்? ரேடியோவின் முள்ளைத் திருப்பினார்கள். முள் போய் நின்ற இடம் சிலோன்!

இலங்கையில் அப்போது ஒரு வசதி இருந்தது. இரண்டாவது உலகப் போரின்போது கிழக்கே சண்டை போட்ட சிப்பாய்களுக்காக வெள்ளைக்காரன் கொழும்பு பக்கத்தில் ரேடியோ நிலையம் வைத்திருந்தான். போர் முடிந்ததும் அது இலங்கை சர்க்காரிடம் வந்தது. சிற்றலை வரிசை என்பதால் வானத்தில் மோதித் திரும்பி ஆயிரம் மைல் தாண்டியும் கேட்கும். 1950-ல் அங்கே விளம்பரதாரர் நிகழ்ச்சிகள் தொடங்கின. காசு கொடுத்தால் சோப்புக்கும் விளம்பரம், பற்பசைக்கும் விளம்பரம். இந்திய ரேடியோவில் விளம்பரத்துக்கே இடமில்லாத காலம் அது.

இங்கே நம் தமிழ் ஜனங்களுக்கும் சிலோன் ரேடியோவைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மயில்வாகனத்தின் குரல் கேட்காத தமிழ்நாட்டுத் தெரு அப்போது உண்டா? அதே நிலையத்தின் இந்திப் பிரிவுக்குத்தான் அமீன் சயானி ராஜாவாக இருந்தார். ஒரு வித்தியாசம். அவர் கொழும்பில் உட்கார்ந்து பேசவில்லை. பம்பாயில் பேசினார். செயிண்ட் சேவியர் கல்லூரி வளாகத்தில் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவு செய்து, நாடாவை விமானத்தில் கொழும்புக்கு அனுப்புவார்கள். அங்கே போடுவார்கள். பம்பாயில் பேசிய பேச்சு சிலோனுக்குப் பறந்து போய், காற்றில் ஏறித் திரும்ப பம்பாய்க்கே வந்தது!

"உன் இந்தி சரியில்லை"

அமீன் பிறந்தது 1932 டிசம்பர் 21-ந் தேதி. ஊர் பம்பாய். அப்பா டாக்டர். வீட்டில் குஜராத்தி. படித்தது ஆங்கிலம். அண்ணன் ஹமீத் சயானி ஆங்கில அறிவிப்பாளர். தம்பிக்கு 7 வயது இருக்கும்போதே ரேடியோ நிலையத்துக்குக் கூட்டிப்போய் மைக் முன்னால் நிறுத்தியவர் அவர்தான்.

பையன் வளர்ந்தான். இந்தி அறிவிப்பாளர் வேலைக்கு ஆல் இந்தியா ரேடியோவில் குரல் தேர்வுக்குப் போனான்.

தோல்வி!

"நன்றாகப் படிக்கிறாய். ஆனால் உன் உச்சரிப்பில் குஜராத்தியும் இங்கிலீசும் நிறையக் கலந்திருக்கிறது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பின்னாளில் கோடிக்கணக்கான பேருக்கு இந்தி என்றால் இப்படித்தான் பேச வேண்டும் என்று காட்டிய ஆளுக்கு நடந்த கதை இது. தேர்வு செய்த அதிகாரிகள் பிறகு புதன்கிழமை ராத்திரி என்ன செய்தார்களோ!

அண்ணன் தம்பியைத் தேற்றினார். "சிலோன் ரேடியோவுக்கு இந்தி நிகழ்ச்சி பதிவு ஆகிறதே, அங்கே போய் உட்கார்ந்து கவனி" என்றார். அமீனும் போய் ஓரமாக உட்கார்ந்தார். ஓவல்டின் கம்பெனி நடத்திய நிகழ்ச்சி அது. ஒருநாள் விளம்பரம் படிக்க வேண்டியவர் வரவில்லை. தயாரிப்பாளர் சுற்றும் முற்றும் பார்த்தார். கூட்டத்தில் இருந்த அமீனைக் கூப்பிட்டுக் காகிதத்தைக் கையில் கொடுத்தார்.

அமீன் கத்திப் படித்தார். "மெதுவாப்பா, மெதுவா" என்று அடக்க வேண்டி இருந்ததாம். வாரா வாரம் படிக்கச் சொன்னார்கள். சம்பளம் என்ன தெரியுமா? ஒரு சின்ன ஓவல்டின் டப்பா! காசு கிடையாது.

அம்மாவின் பத்திரிகை

ஓவல்டின் டப்பாவுக்குப் பேசிய பையனுக்கு அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது?

அவர் அம்மா குல்சும் சயானி. முதியோருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த தொண்டர். காந்தியடிகள் சொல்படி "ரஹ்பர்" என்று மாதம் இருமுறைப் பத்திரிகை நடத்தினார். "வழிகாட்டி" என்று அர்த்தம். அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட ஜனங்களுக்கான பத்திரிகை. ஒரே விஷயத்தை நாகரி, உருது, குஜராத்தி என்று மூன்று எழுத்தில் அச்சடிப்பார்கள். பேச்சு ஒன்றுதான். தெருவில் பேசுகிற இந்துஸ்தானி. கடினமான வார்த்தை வந்தால் வெட்டிவிடுவார்கள்.

சிறுவன் அமீன் அந்தப் பத்திரிகை வேலையில் அம்மாவுக்குக் கூடமாட ஒத்தாசை செய்தான். எந்த வார்த்தை கூலிக்காரருக்குப் புரியும், எது புரியாது என்று தினமும் பார்த்தான்.

சர்க்கார் ரேடியோவில் அப்போது சமஸ்கிருதம் கலந்த கனமான இந்தி. பண்டிதருக்குப் புரியும். பால்காரருக்குப் புரியாது. அமீன் பேசியது பால்காரருக்குப் புரிந்தது. விஷயம் இவ்வளவுதான். குரல் இனிமையும் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இனிமையான குரல் பலருக்கு இருக்கிறது.

"பெஹனோ அவுர் பாயியோ" என்பதையும் கவனிக்க வேண்டும். மேடை ஏறுகிறவர்கள் சகோதரர்களை முதலில் கூப்பிடுவதுதான் வழக்கம். இவர் சகோதரிகளை முதலில் கூப்பிட்டார். அடுப்படியில் இருந்த பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

யாரும் தொடாத வேலை

சுவிட்சர்லாந்து கம்பெனி சீபா. அதன் பற்பசை பினாக்கா. சிலோன் ரேடியோவில் ஆங்கிலப் பாட்டு நிகழ்ச்சி ஒன்றை அந்தக் கம்பெனி நடத்திக்கொண்டு இருந்தது. நல்ல வரவேற்பு. "இதே மாதிரி இந்திப் பாட்டுக்கும் ஒன்று போடலாமே" என்று யோசனை வந்தது.

ஆனால் ஒதுக்கிய பணம் ரொம்பக் குறைவு. எழுத வேண்டும், பேச வேண்டும், தயாரிக்க வேண்டும், வருகிற கடிதங்களைத் திருத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்து வாரத்துக்கு 25 ரூபாய்!

அனுபவசாலிகள் "போய்யா" என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் கத்துக்குட்டி அமீன் தலையில் வந்து விழுந்தது.

1952 டிசம்பர் 3-ந் தேதி முதல் நிகழ்ச்சி ஒலிபரப்பானது. அமீனுக்கு 20 வயது முடிய இன்னும் 18 நாள் இருந்தது.

அப்போது அது வரிசைப் பட்டியல் நிகழ்ச்சி அல்ல. போட்டி. ஏழு பாட்டை முன்பின்னாக மாற்றிப் போடுவார்கள். எந்தப் பாட்டு முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று நேயர்கள் வரிசைப்படுத்தி எழுத வேண்டும். பரிசு 100 ரூபாய்.

ஒரு ஐம்பது கடிதம் வரும் என்று எதிர்பார்த்தார்கள்.

வந்தது 9 ஆயிரம்!

அமீனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த நிமிடமே வயிற்றைக் கலக்கியது. இத்தனையையும் பிரித்துப் படித்துத் திருத்த வேண்டியவர் யார்? அவரேதான்! ஆபீசில் தபால் பிரிக்கிற குமாஸ்தாக்களுக்கு இது புரியும். ஒரு கடிதத்துக்கு அரை நிமிடம் என்று வைத்தால்கூட 9 ஆயிரம் கடிதத்துக்கு 75 மணி நேரம் ஆகிறது. 25 ரூபாய்க்கு!

வாரா வாரம் கூடிக்கொண்டே போனது. ஒரு வருடத்துக்குள் வாரத்துக்கு 65 ஆயிரம் கடிதம். அதே அரை நிமிடக் கணக்குப் போட்டால் 540 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. வாரத்துக்கு இருப்பதே 168 மணி நேரம்தான்.

இனி தாங்காது என்று போட்டியைக் கைவிட்டார்கள். 1954-ல் நிகழ்ச்சி மாறியது. இந்த வாரம் எந்தப் பாட்டு மேலே, எது கீழே என்று படிப்படியாக ஏற்றிச் சொல்லும் வரிசை நிகழ்ச்சி ஆனது. பல வாரம் வரிசையில் நிலைத்து நின்ற பாட்டுக்கு "சர்தாஜ்" என்று கிரீடம் சூட்டினார்கள். அதற்குப் பட்டாளத்தில் ஊதுவது போல் எக்காளம் ஊதி மரியாதை வேறு!

கணக்கில் கை வைக்க முடியுமா?

பாட்டு மேலே ஏறினால் படம் ஓடும். படம் ஓடினால் பணம். கீழே இறங்கினால் இசையமைப்பாளருக்கு அடுத்த படத்தில் கூலி குறையும். ஆகவே புதன்கிழமை ராத்திரி ரேடியோ முன்னால் உட்கார்ந்தவர்களில் கடைவீதி ஜனங்கள் மட்டும் இல்லை. பங்களாவில் இருந்த பட முதலாளிகளும் இசையமைப்பாளர்களும் நெஞ்சு படபடக்க உட்கார்ந்து கேட்டார்கள்.

இப்படி ஒரு இடத்தில் தில்லுமுல்லு நடக்காமல் இருக்குமா? யோசித்துப் பாருங்கள். கடிதத்தை மட்டும் எண்ணி வரிசை போட்டால், நாலு ஆளை வைத்து நாலாயிரம் கார்டு எழுதிப் போட்டுவிடலாம்.

அதனால் இசைத்தட்டு விற்பனையைக் கணக்கில் எடுத்தார்கள். பெரிய ஊர்களின் இசைத்தட்டுக் கடைகளில் எது எவ்வளவு விற்றது என்று வாரா வாரம் விவரம் வாங்கினார்கள். இதிலும் ஒரு கோளாறு. வியாபாரிகளுக்குச் சொல்லவே வேண்டாம். சரக்கு நன்றாகப் போனால் கடையில் தீர்ந்துவிடும். தீர்ந்துபோன சரக்கு அடுத்த வாரம் எப்படி விற்கும்? விற்பனை பூஜ்யம் என்று பட்டியல் வரும். நாடே பாடுகிற பாட்டு ஒரே வாரத்தில் கீழே விழுந்துவிடும்! புதுப் படத்தின் தட்டு கடைக்கு வரத் தாமதமானாலும் இதே கதிதான்.

ஆகவே ஊர் ஊராக நேயர் மன்றங்களின் வாக்கையும் சேர்த்துக்கொண்டார்கள். கடை விற்பனை ஒரு பக்கம், மன்றங்களின் தீர்ப்பு மறு பக்கம். இரண்டையும் வைத்து வரிசை. குறை சொன்னவர்கள் அப்போதும் இருந்தார்கள். ஆனால் "பினாக்காவில் முதல் இடம்" என்றால் பட உலகில் அதற்கு மேல் ஒரு முத்திரை கிடையாது.

வருடக் கடைசியில் அந்த ஆண்டின் சிறந்த பாட்டை அறிவிப்பார்கள். 1953-ல் "அனார்கலி" படப் பாட்டு முதல் இடம். 1955-ல் ராஜ் கபூரின் "ஸ்ரீ 420".

இந்தப் பாட்டுப் பைத்தியத்தால் ஒரு ஊரே பிரபலம் ஆனது. அப்போது பீகாரில், இப்போது ஜார்க்கண்டில் இருக்கும் ஜும்ரி தலையா. அப்ரகம் வெட்டியெடுக்கும் ஊர். ரேடியோவுக்கு "இந்தப் பாட்டு போடுங்கள்" என்று அந்த ஊர்க்காரர்கள் எழுதித் தள்ளிய கார்டுகளால், படத்தில் பார்த்திராத அந்த ஊரின் பெயர் நாடு முழுக்க மனப்பாடம் ஆனது.

நம்ம சென்னை மட்டும் என்ன? இந்தி வேண்டாம் என்று 1965-ல் கொதித்த ஊர்தான் இது. ஆனால் சில வருடம் கழித்து "ஆராதனா" படம் இங்கே மாதக்கணக்கில் ஓடியது. பாட்டுக்கு எதிராக யாரும் கொடி பிடிக்கவில்லை.

சர்க்கார் இறங்கி வந்தது

டெல்லியில் விழித்துக்கொண்டார்கள். ஜனங்கள் எல்லாம் அயல்நாட்டு ரேடியோவைக் கேட்கிறார்கள், நம் நிலையத்தைச் சீந்துவார் இல்லை என்று தெரிந்தது. 1957 அக்டோபர் 3-ந் தேதி "விவித பாரதி" பிறந்தது. மந்திரி அதே கேஸ்கர்தான்! சினிமாப் பாட்டு திரும்ப வந்தது. 1967-ல் விளம்பரமும் வந்தது.

அப்படியும் புதன்கிழமை ராத்திரியை அசைக்க முடியவில்லை. பினாக்கா என்ற பற்பசை பின்னர் சிபாக்கா ஆனது. நிகழ்ச்சியும் "சிபாக்கா கீத் மாலா" ஆனது. குரல் அதேதான்.

25 ரூபாய் வேலை இப்படிப் பெரிதான பிறகும் அமீன் சும்மா இருக்கவில்லை. 1960 முதல் 62 வரை டாட்டா எண்ணெய் ஆலைக் கம்பெனியில் உத்தியோகம் பார்த்தார். ஹமாம் சோப்பு விற்கிற வேலை! அண்ணன் ஹமீத் 1975-ல் இறந்ததும், அவர் நடத்திவந்த "போர்ன்விட்டா" வினாடி வினா நிகழ்ச்சியைத் தம்பி ஏற்றார். சில படங்களில் அறிவிப்பாளராகவே வந்து தலைகாட்டினார். மொத்தம் 54 ஆயிரம் ரேடியோ நிகழ்ச்சி, 19 ஆயிரம் விளம்பரம் என்று அவருக்குக் கணக்குச் சொல்கிறார்கள்.

கதவுக்கு வெளியே நின்ற உயர்ந்த மனிதர்

இது பலமுறை அமீனே சிரித்துக்கொண்டு சொன்ன கதை.

1960-களின் கடைசி. அமீனுக்கு வாரத்தில் இருபது நிகழ்ச்சி. தலைக்கு மேல் வேலை. ஒல்லியாக உயரமாக ஒரு வாலிபர் முன்கூட்டிச் சொல்லாமல் வந்தார். குரல் தேர்வு வேண்டும் என்று கேட்டார். "நேரம் குறித்துக்கொண்டு வரச் சொல்" என்று அமீன் உள்ளே இருந்தபடியே ஆளிடம் சொல்லி அனுப்பிவிட்டார். வாலிபர் மறுபடியும் வந்தார். மறுபடியும் அதே பதில். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அந்த வாலிபர் பெயர் அமிதாப் பச்சன்!

பின்னாளில் விஷயம் தெரிந்தபோது அமீனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அன்று அவருக்கு வேலை கொடுத்திருந்தால் நான் தெருவில் நின்றிருப்பேன், சினிமாவும் ஒரு பெரிய நடிகரை இழந்திருக்கும்" என்கிற பொருளில் அவர் சொல்வது வழக்கம். "சரியில்லை" என்று திருப்பி அனுப்பப்பட்ட ஒருவர், இன்னொருவரைப் பார்க்காமலே திருப்பி அனுப்பினார் என்பதும் இதில் இருக்கிறது. அதை அவர் மறைக்கவில்லை.

37 வருடம் கழித்து

1980-களில் வீட்டுக்கு வீடு டெலிவிஷன் வந்தது. டேப் ரிக்கார்டர் வந்தது. எந்தப் பாட்டு வேண்டுமோ அதை நினைத்த நேரத்தில் போட்டுக் கேட்கலாம். புதன்கிழமை வரை யார் காத்திருப்பார்கள்? கூட்டம் கரைந்தது.

1989-ம் ஆண்டு "கீத் மாலா" இலங்கையை விட்டு இந்தியாவுக்குத் திரும்பியது. எந்த நிலையத்துக்கு? ஆல் இந்தியா ரேடியோவின் விவித பாரதிக்கு!

குரல் தேர்வில் தோற்கடித்த அதே ரேடியோ. சினிமாப் பாட்டை விரட்டிய அதே ரேடியோ. 37 வருடம் கழித்து அந்த நிகழ்ச்சியையும் அந்த மனிதரையும் கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டது. 1994 வரை அங்கே ஓடியது. 2000-க்குப் பிறகு கொஞ்ச காலம் வேறு பெயரில் மறுபடி வந்து போனது.

2009-ல் மத்திய சர்க்கார் அவருக்குப் பத்மஸ்ரீ பட்டம் கொடுத்தது. வீட்டில் அது இரண்டாவது பத்மஸ்ரீ. முதலாவது 1960-ல் அம்மா குல்சும் வாங்கியது.

அமீன் சயானியின் மனைவி காஷ்மீரப் பண்டிதர் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர் முன்பே காலமாகிவிட்டார். ஒரு மகன் இருக்கிறார். 2024 பிப்ரவரி 22-ந் தேதி மும்பையில் அமீன் சயானியின் உடல் அடக்கம் செய்யப்பட்டது.